தோளுக்கு ஏற்ற தோட்டா

வணக்கம். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்கு நடுவே வானொலியைத் திறந்து வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்தே வணக்கம்.

துப்பாக்கியைப் பற்றிப் பேச ஒரு தமிழ்ப் பெண்மணியைக் கூப்பிட்டிருக்கிறார்களே என்று சிலர் புருவத்தை உயர்த்தியிருப்பீர்கள். நான் கோவில்பட்டிக்காரி. தீப்பெட்டியும் வெடியும் மணக்கிற ஊர். ஆனாலும் இந்த ஹியூஸ்டன் புறநகருக்கு வரும்வரை ஒரு துப்பாக்கியைத் தொட்டுப் பார்த்தது கிடையாது. பக்கத்து வீட்டுத் தாத்தா, ஓய்வுபெற்ற போலீஸ்காரர், களிமண் தட்டைப் பறக்கவிட்டுச் சுடும் விளையாட்டுக்கு என்னை அழைத்துப்போனார். அது பதினெட்டு வருடத்துக்கு முன்னால். இப்போது சனிக்கிழமைகளில் புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிறேன்.

வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்பது வேறு வழக்கு. இந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 2008இல் ஹெல்லர் வழக்கில் அது தனிமனித உரிமை என்று சொல்லிவிட்டது. உரிமை இருப்பதாலேயே வாங்கியாக வேண்டும் என்பதில்லை. வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களோடு எனக்கு எந்தச் சண்டையும் கிடையாது. நான் இன்று பேசுவது ஏற்கெனவே வாங்கி அலமாரியில் வைத்துவிட்ட நம் ஆட்களிடம். அதிலும் குறிப்பாக ஷாட்கன், அதாவது ஒரே தோட்டாவிலிருந்து பல ரவைகளை, சிறு உருண்டைகளை, ஒன்றாகச் சுடும் துப்பாக்கி, வாங்கியவர்களிடம். தோளைக் குறைவாக உதைக்கும் தோட்டாவை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் பேச்சு. அந்த ஆட்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

ஒரு கதை சொல்கிறேன். இதைச் சொல்லாமல் நான் எந்த வகுப்பையும் தொடங்குவதில்லை.

நம் பக்கத்துப் பெண் ஒருத்தி. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். என்னைப்போலவே ஐந்தடி உயரம், அதற்கு மேல் ஒரு அங்குலம் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம். கணவர் மாதத்தில் பாதி நாள் வெளியூர். தெருக்கோடியில் ஒரு வீட்டில் திருட்டுப் போனதும் இருவரும் கடைக்குப் போய் 12 கேஜ் பம்ப் துப்பாக்கி ஒன்று வாங்கினார்கள். கேஜ் என்பது குழலின் அகல அளவு, எண் கூடினால் குழல் சிறியது. பம்ப் என்றால் குழலடிப் பிடியைக் கையால் முன்னும் பின்னும் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுவது. தோட்டா எது வேண்டும் என்று கேட்டபோது, "இருப்பதிலேயே பலமானது எது?" என்று கணவர், அந்தத் தம்பி, கேட்டிருக்கிறார். கடைக்காரர் மூன்று அங்குல மேக்னம், அதாவது கூடுதல் ரவை அடைத்த தோட்டாப் பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டார். கேட்டதைத்தானே கொடுத்தார், அவரைக் குறை சொல்ல முடியாது.

சனிக்கிழமை என்னிடம் கூட்டிவந்தார். அந்தப் பெண் ஒரே ஒரு தோட்டா சுட்டாள். துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் தோளில் தாமரை இலை அளவுக்கு நீலம் பாய்ந்திருந்ததாம். "அக்கா, திருடன் வந்தால் நகையைக் கொடுத்துவிடுகிறேன், இதை மட்டும் தொட மாட்டேன்" என்றாள். நகையைக் கொடுப்பது நல்ல யோசனை என்றுதான் நானும் சொன்னேன். ஆனால் கதை அதோடு முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து அவளை மறுபடி கூட்டிவந்தேன். இந்தமுறை தோட்டா போடுவது நான். அவளுக்குத் தெரியாமல் நடுவில் வெடிக்காத போலித் தோட்டா ஒன்றைச் சேர்த்துவிட்டேன். அவள் விசையை இழுத்தாள். வெடிச் சத்தம் இல்லை, உதையும் இல்லை. ஆனால் கண்கள் இறுக மூடியிருந்தன, முகம் திரும்பியிருந்தது, குழல் முனை ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது. உதை வருவதற்கு முன்பே உடம்பு பயந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த தம்பி சிரித்தார். சரி, நீங்கள் வாருங்கள் என்று அவரையும் சுட வைத்தேன். அவர் குழல் ஒன்றரைச் சாண் இறங்கியது. அதன்பிறகு அங்கே யாரும் சிரிக்கவில்லை.

அந்த ஒரு சாண்தான் விஷயம். பத்தடி தூரத்தில் ஒரு சாண் இறங்கினால் குறி தப்பும். எவ்வளவு பலமான தோட்டாவாக இருந்தாலும் சரி, குறி தப்பிய தோட்டா உங்கள் சுவரைத்தான் துளைக்கும். அந்தச் சுவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதைப் பற்றி எனக்குப் பெரிய மனக்குறை உண்டு.

இந்த உதை எவ்வளவு என்பதை வரைபடம் இல்லாமல் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு பம்ப் துப்பாக்கி ஏறக்குறைய 3.2 கிலோ. அதே எடையுள்ள ஒரு பொருள் உங்கள் தோள்மேல் விழுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் சுட்ட மேக்னம் தோட்டா, பதினைந்து பெரிய ரவை உள்ளது, அந்த எடையை எட்டடி உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம். அதாவது உங்கள் அறையின் கூரையிலிருந்து. சாதாரண இரண்டே முக்கால் அங்குலத் தோட்டா, ஒன்பது ரவை, வினாடிக்கு 1325 அடி வேகம்: அது நாலடி உயரம், மார்பு அளவு. உதை குறைந்த தோட்டா, எட்டு ரவை, 1145 அடி வேகம்: அது சாப்பாட்டு மேசை உயரம்கூட வராது. திருப்பிச் சொல்கிறேன். கூரை, மார்பு, மேசை. மூன்றும் ஒரே துப்பாக்கி, பெட்டி மட்டும் வேறு.

வேகம் கொஞ்சம் குறைந்ததற்கு உதை ஏன் இவ்வளவு குறைகிறது? முன்னால் போகும் எடையும் வேகமும் எவ்வளவோ, பின்னால் வரும் துப்பாக்கிக்கும் அவ்வளவு தள்ளல். பள்ளிக்கூடத்து நியூட்டன்தான். ஆனால் தோளில் உறைக்கும் சக்தி அந்தத் தள்ளலின் இருமடிக் கணக்கில் ஏறி இறங்கும். தள்ளல் கால்பங்கு குறைந்தால் சக்தி கிட்டத்தட்ட பாதியாகிவிடும். பாரம் கூடிய துப்பாக்கி குறைவாக உதைப்பதும் அதனால்தான். "20 கேஜ் வாங்கிக் கொடுத்துவிட்டேன், அது மென்மையாக இருக்கும்" என்று சொல்லும் கணவன்மாரே, கொஞ்சம் நில்லுங்கள். 20 கேஜ் தோட்டா சிறியது, உண்மைதான். துப்பாக்கியும் சேர்ந்து இளைத்துவிடுகிறதே! இரண்டரைக் கிலோ துப்பாக்கியில் 20 கேஜ் மேக்னம் சுட்டுப் பார்த்தவர்கள் அதை மென்மை என்று சொல்ல மாட்டார்கள்.

அப்போ உதை குறைந்தது சக்தி குறைந்ததா? எல்லாரும் இதைத்தான் கேட்பார்கள். ஒரு கூடத்தின் நீளத்துக்குள், இருபது முப்பது அடிக்குள், அந்தக் குறைவு பொருட்டே இல்லை. இந்தத் தோட்டாக்கள் முதலில் போலீஸ் துறைகளுக்காக வந்தவை. அங்கேயும் எல்லாரும் ஆறடி ஆள் இல்லையே. 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. தன் ஆட்கள் இருவரை இழந்தது. அதன்பிறகு தோட்டாவைச் சோதிக்க ஒரு கணக்கு வைத்தார்கள். சதைக்குப் பதிலாக ஜெலட்டின் பாளம் வைத்துச் சுட்டால் 12 அங்குலமாவது உள்ளே போக வேண்டும், 18க்கு மேல் போகத் தேவையில்லை. பெரிய ரவைத் தோட்டாவுக்குப் பக்‌ஷாட் என்று பெயர், மேலே சொன்ன ரவையின் அளவு டபுள் ஆட். உதை குறைந்த டபுள் ஆட் பக்‌ஷாட் அந்தப் பன்னிரண்டை எளிதாகத் தாண்டும்.

பறவை சுடும் சன்ன ரவை தாண்டாது. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். உதையும் குறைவு, விலையும் குறைவு என்று பலர் அதையே போட்டு வைக்கிறார்கள். ஜெலட்டினில் அது அஞ்சாறு அங்குலத்தில் நின்றுவிடும். பயிற்சிக்குச் சன்ன ரவை நல்லது, நான் தட்டு சுடுவதே அதில்தான். காவலுக்கு அதை நம்பாதீர்கள். டபுள் ஆட் வேண்டாம் என்றால் நாலாம் எண் பக்‌ஷாட் இருக்கிறது. கால் அங்குலத்துக்குச் சற்றே குறைந்த ரவை, வழக்கமான தோட்டாவில் இருபத்தேழு இருக்கும்.

இப்போது சுவர். நம் ஊரில் சுவர் என்றால் செங்கல். ஆணி அடிக்கவே டிரில் மெஷின் தேடுவோம். அந்த நினைப்போடு இங்கே வந்து குடியேறிவிடுகிறோம். இந்த ஊர் வீட்டின் உட்சுவர் அரை அங்குல ஜிப்சம் அட்டை, நடுவில் வெற்றிடம், மறுபக்கம் இன்னொரு அரை அங்குல அட்டை. அவ்வளவுதான். என் மகன் சின்ன வயதில் கூடைப்பந்து எறிந்தே ஓட்டை போட்டிருக்கிறான். பக்‌ஷாட் இப்படிப்பட்ட சுவர் இரண்டு மூன்றைத் தாண்டிப் போகும். உதை குறைந்ததும் போகும். "சுவரில் நிற்கும், ஆளை மட்டும் நிறுத்தும்" என்று ஒரு தோட்டா கிடையவே கிடையாது. சுவரில் நிற்பது ஆளையும் நிறுத்தாது.

அதனால் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் ஒரு மாலை நேரம் வீட்டுக்குள் வெறும் கையோடு நடந்து பாருங்கள். படுக்கையறை வாசலில் நின்றால் எதிர்ச் சுவருக்குப் பின்னால் யார் தூங்குகிறார்கள்? எந்தப் பக்கம் பக்கத்து வீடு? என் வீட்டில் மாடிப்படி உச்சியிலிருந்து கீழே பார்க்கும் திசை ஒன்றுதான் சரிப்பட்டது. மற்ற எல்லாத் திசையிலும் யாராவது ஒருவர் படுத்திருந்தார். ஒருமுறை என் மாமியார், அவர் ஊரிலிருந்து வந்திருந்த சமயம். அவர் கட்டிலை இடம் மாற்றியதற்கு உண்மைக் காரணத்தை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. இந்த நிகழ்ச்சி கோவில்பட்டியில் கேட்காது என்று நம்புகிறேன்.

ஷாட்கன்னுக்குக் குறிபார்க்க வேண்டாம், அந்தப் பக்கம் திருப்பினால் போதும் என்பார்கள். வீட்டுக்குள் ரவை விரிவது தோராயமாக ஒரு கஜத்துக்கு ஒரு அங்குலம். பதினைந்து அடியில் ஐந்து அங்குலம், உள்ளங்கை அகலத்தைவிடக் கொஞ்சம் கூட. சில புதுத் தோட்டாக்களில் அதுவும் விரியாது. குறி பார்த்துத்தான் ஆகவேண்டும். 2013இல் அப்போது துணை அதிபராக இருந்த பைடன், ஆபத்து என்றால் பால்கனிக்கு வந்து இரண்டு வேட்டுப் போடு என்று மனைவியிடம் சொல்லியிருப்பதாகப் பேசினார். அதை அப்படியே பின்பற்றி விடாதீர்கள். மேலே போனது எங்காவது இறங்கும், பல ஊர்களில் அது வழக்காகும், இரட்டைக் குழலாக இருந்தால் உங்கள் தோட்டாவும் தீர்ந்திருக்கும்.

சரி, கடைக்குப் போகிறீர்கள். பெட்டிமேல் முதலில் கேஜ், பிறகு நீளம். இரண்டே முக்கால் போதும், மூன்றைத் தொட வேண்டாம். அப்புறம் வேகம்: 1200 அடிக்குக் கீழே இருந்தால் நாம் தேடுவது. "ரெட்யூஸ்டு ரீகாயில்", "லோ ரீகாயில்", "மேனேஜ்டு ரீகாயில்" என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருப்பார்கள். பெயரைவிட எண்ணை நம்புங்கள். விரல் நீளம்கூட வராத குட்டித் தோட்டா ஒன்று உண்டு, ஒன்றே முக்கால் அங்குலம். சுட இன்பமாக இருக்கும். ஆனால் பெரும்பாலான பம்ப் துப்பாக்கிகளில் உள்ளே ஏறும்போதே குறுக்கே புரண்டு சிக்கிக்கொள்ளும். மாஸ்பெர்க் நிறுவனம் 2022இல் அதற்கென்றே 590எஸ் என்று ஒன்று கொண்டுவந்தது. மற்றதில் வேண்டாம்.

அரைத் தானியங்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அடுத்த தோட்டாவை ஏற்றுவதற்கே அந்த உதையை நம்பி வேலை செய்யும் துப்பாக்கிகள் உண்டு, பெனெல்லி நிறுவனத்தின் துப்பாக்கிகள் பலவும் அந்த வகை. உதை குறைந்தால் அது பாதியில் நின்றுவிடலாம். பக்‌ஷாட் பெரும்பாலும் ஐந்து ஐந்தாகத்தான் விற்பார்கள். ஐந்து பெட்டி வாங்கி, இருபத்தைந்தும் தடங்கலில்லாமல் ஓடுகிறதா என்று உங்கள் துப்பாக்கியிலேயே பாருங்கள். காதுக்கும் கண்ணுக்கும் மறைப்பு கட்டாயம். உதை குறைந்ததால் சத்தமும் குறைந்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

தோளில் ஊன்றும் பின்கட்டையின் நீளம் பற்றிப் பத்து நிமிடம் பேச எழுதிக்கொண்டு வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம். சுருக்கமாகச் சொன்னால், கடையில் வரும் கட்டை பதினான்கு அங்குலம், நம் உயரத்துக்கு அது நீளம். பன்னிரண்டரை, பதின்மூன்று அங்குலக் கட்டை கிடைக்கும், மாற்றிக்கொள்ளுங்கள். ரப்பர் மெத்தை நல்லதாகப் போடுங்கள். அந்தப் பெண்ணுக்கு இந்த இரண்டோடு தோட்டாவையும் மாற்றினோம். இப்போது பத்துத் தோட்டா சுட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே காபி குடிக்கிறாள்.

கடைசியில் வைத்திருந்தது பூட்டு. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், என் தப்பு. பம்ப் துப்பாக்கியின் பாதுகாப்புப் பொத்தான் பெரும்பாலும் விசையை மட்டுமே தடுக்கும், கீழே விழுந்தால் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. அதனால் குழலின் பின்முனையில் தோட்டா வெடிக்கும் அறைக்குள் தோட்டா ஏற்றி வைக்காதீர்கள். குழந்தை இருக்கும் வீட்டில், மனம் சோர்ந்தவர் இருக்கும் வீட்டில், விரைவாகத் திறக்கும் பெட்டகத்துக்குள் இல்லாத துப்பாக்கி இருக்கவே கூடாது. சாவி எங்கே என்று பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா? அவர்களுக்குத் தெரியும்.

இன்னும் ஒன்றே ஒன்று, கையைக் காட்டாதீர்கள் ஐயா, முடித்துவிடுகிறேன். 20 கேஜ் தோட்டா மஞ்சள் நிறத்தில் வருவது அழகுக்காக இல்லை. அது 12 கேஜ் குழலுக்குள் விழுந்தால் பாதியில் போய்ச் சிக்கி நிற்கும். அதன் பின்னால் 12ஐப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். இரண்டையும் ஒரே வீட்டில் வைத்திருந்தால் ஒரே டப்பாவில் போடாதீர்கள். விளக்கு சிவப்பாகிவிட்டது. வணக்கம்.