குறிகட்டுவானில் திறக்காத விலைப்பட்டியல்

வணக்கம் உறவுகளே. நல்லூரிலிருந்து கதைக்கிறேன். பின்னால் மணிச் சத்தம் கேட்டால் கோவிலில் பூசை நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காக நிறுத்தப் போவதில்லை. பக்கத்தை அசைய வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் வந்து சேராவிட்டாலும் வேலை செய்யும் இணையத்தளத்தை எப்படி எழுதுவது என்பதுதான் இன்று சொல்ல வந்த விடயம். அது மூன்று மாதமாக என் மனத்தில் கிடக்கிறது.

என் பெரியம்மா பனம்பொருட்கள் செய்து விற்கிறார். பனங்கட்டி, பனம்பழக் களியைக் காயவைத்த பனாட்டு, அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புழுக்கொடியல், அவிக்காமல் காயவைத்த கிழங்கை இடித்த ஒடியல் மா எல்லாம் வீட்டிலேயே செய்வார். அவருக்கு நான்தான் இணையத்தளம் செய்து கொடுத்தேன். பொருளின் பெயரைத் தொட்டால் கீழே நிறையும் விலையும் விரியும். மறுபடி தொட்டால் மூடிக்கொள்ளும். பார்க்க நன்றாகவே இருந்தது.

ஒருநாள் நெடுந்தீவுக்குப் போகக் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்து நின்றேன். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஓர் அம்மா பக்கத்தில் நின்றார். நல்ல பனாட்டு எங்கே கிடைக்கும், தம்பி என்று கேட்டார். தளத்தின் முகவரியைச் சொன்னேன். அவருடைய தொலைபேசியில் சிக்னல் ஒரே ஒரு கோடு. பொருட்களின் பெயர்கள் எல்லாம் வந்துவிட்டன. பனாட்டைத் தொட்டார், ஒன்றும் விரியவில்லை. இன்னும் அழுத்தித் தொட்டார். அப்போதும் இல்லை. அதற்குள் படகில் ஏறச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் தொலைபேசியைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு ஏறிவிட்டார்.

நெடுந்தீவு போய்ச் சேரும்வரை அதையேதான் யோசித்தேன். விலை அவருடைய தொலைபேசிக்குள் வந்து கிடந்தது. அதை மறைத்து வைத்தது நான் எழுதிய சிஎஸ்எஸ், அதாவது பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி. திறந்து காட்ட வேண்டிய ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு இன்னும் வந்து சேரவில்லை. பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டுச் சாவியைப் பிறகு அனுப்புகிறேன் என்று சொன்னதுபோல் ஆகிவிட்டது. விலைப்பட்டியல் முழுவதும் சில கிலோபைட் எழுத்துதான். அதைத் திறந்து மூடுவதற்கென்று நான் சேர்த்த ஜாவாஸ்கிரிப்ட், சுருக்கமாக ஸ்கிரிப்ட், அதைவிடப் பல மடங்கு.

2013இல் பிரித்தானிய அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு தங்கள் தளத்தில் இதை அளந்து பார்த்தது. வந்தவர்களில் 1.1 வீதமானோருக்கு ஜாவாஸ்கிரிப்ட் இயங்கவில்லை. வேண்டுமென்றே நிறுத்தி வைத்தவர்களும், அதை இயக்கத் தெரியாத பிரவுசர் வைத்திருந்தவர்களும் சேர்ந்தே 0.2 வீதம்தான். மிச்சம் 0.9 வீதத்தினரின் பிரவுசரால் அதை இயக்க முடியும், ஆனாலும் ஏதோ ஒரு காரணத்தால் இயங்காமல் போயிற்று. எங்கள் தீவகத்துச் சிக்னலை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த எண்ணைப் பாருங்கள்.

சரி, திரையைக் கிட்டக் கொண்டுவருகிறேன். தெரிகிறதா? டீடெய்ல்ஸ் என்று ஒரு டேக் எழுதுகிறேன். டேக் என்பது பக்கத்தின் எச்டிஎம்எல்லில் ஒரு பகுதியின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் குறி. அதற்குள் முதலில் சம்மரி என்று இன்னொரு டேக். சம்மரிக்குள் "பனாட்டு" என்று எழுதி மூடுகிறேன். அதன் கீழே நிறை, விலை. இப்போது டீடெய்ல்ஸையும் மூடுகிறேன். அவ்வளவுதான். பக்கத்தைத் திறக்கிறேன். பெயருக்கு முன்னால் சின்ன முக்கோணம் ஒன்று வந்திருக்கிறது, அதையும் நான் வரையவில்லை. தொடுகிறேன், விரிகிறது. தொடுகிறேன், மூடுகிறது. சுட்டியைத் தள்ளி வைத்துவிட்டு விசைப்பலகையில் டேப் விசையை அழுத்திப் பெயருக்கு வருகிறேன். என்டரை அழுத்தினாலும் விரிகிறது, ஸ்பேஸை அழுத்தினாலும் விரிகிறது. பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் இது விரிந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று சொல்லிவிடும். நான் முன்பு ஸ்கிரிப்டில் எழுதியதில் இந்தக் கடைசி விடயம் இருக்கவே இல்லை. அது எனக்கு இன்றும் வருத்தம்.

2020இலிருந்து முக்கியமான பிரவுசர்கள் எல்லாவற்றிலும் இது வேலை செய்கிறது. இந்த டேக்கை அறியாத மிகப் பழைய பிரவுசர் வந்தாலும் பயமில்லை. அது எல்லா விலையையும் திறந்தபடியே காட்டிவிடும். பக்கம் நீளமாகும், ஆனால் விலை தெரியும். குறிகட்டுவானில் எனக்குத் தேவைப்பட்டது இதுதான். பழுதானால் திறந்த நிலையில் பழுதாக வேண்டும்.

ஒன்றைத் திறந்தால் மற்றது தானாக மூட வேண்டுமா? எல்லா டீடெய்ல்ஸுக்கும் நேம் என்ற பண்பில், அதாவது டேக்குக்குள் எழுதும் குறிப்பில், ஒரே பெயரைக் கொடுங்கள். குரோமிலும் சஃபாரியிலும் 2023 கடைசியில் வந்தது, ஃபயர்பாக்ஸில் 2024இல். அதற்கு முந்திய பதிப்பில் இரண்டு மூன்று சேர்ந்து திறந்திருக்கும், யாருக்கும் நட்டமில்லை.

அடுத்தது, ஒடியல் மா. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் அதை வாங்கிவிட்டு என்ன செய்வது என்று கேட்கிறார்கள். மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் கூழுக்குப் போட வேண்டும், இல்லாவிட்டால் கைக்கும். இதைச் சொல்ல ஒரு சின்னப் பெட்டி மேலே எழும்ப வேண்டும். பெட்டிக்குப் பாப்ஓவர் என்ற பண்பும், அதை அடையாளம் காட்ட ஐடி என்ற தனிப்பெயரும் கொடுத்தேன். பட்டனில் பாப்ஓவர்டார்கெட் என்று எழுதி அந்த ஐடியைச் சொன்னேன். பட்டனை அழுத்தினால் பெட்டி எல்லாவற்றுக்கும் மேலே வருகிறது. எஸ்கேப் விசையை அழுத்தினாலோ வெளியே தொட்டாலோ போய்விடுகிறது. முன்பு இதற்கு மட்டும் எண்பது வரி ஸ்கிரிப்ட் வைத்திருந்தேன்.

இணையத்தில் தேடினால் செக்பாக்ஸ் தந்திரம் என்று ஒன்று நிறையக் காட்டுவார்கள். ஒரு செக்பாக்ஸை மறைத்து வைத்து, அதன் லேபிளைத் தொடும்போது, செக்ட் என்ற சிஎஸ்எஸ் தேர்வியால், அதாவது எந்தப் பகுதிக்குத் தோற்றம் என்று சொல்லும் குறிப்பால், மெனுவைக் காட்டுவது. நானும் அதை ரசித்துச் செய்தவன்தான். இப்போது செய்யாதீர்கள் என்று சொல்கிறேன். செக்பாக்ஸை முற்றாக மறைத்துவிட்டால் விசைப்பலகையால் அங்கே போகவே முடியாது. மறைக்காமல் விட்டால் திரைவாசிப்பான் "தேர்வுப்பெட்டி" என்று வாசிக்கும், மெனு என்று சொல்லாது. ஸ்கிரிப்ட் இல்லாமல் செய்தேன் என்ற பெருமைக்காக ஒருவரைத் தடுமாற விடக்கூடாது. அந்த வேலைக்கு டீடெய்ல்ஸும் பாப்ஓவரும் இருக்கின்றன.

ஓடர் படிவத்தில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். பெயர் கட்டாயம் என்றால் ரெக்வயர்ட் என்று ஒரு சொல் போதும், வெறுமையாக அனுப்பப் பிரவுசரே விடாது. தொலைபேசி இலக்கத்துக்கு டெல் என்ற வகையைக் கொடுத்தால் கைபேசியில் எண் விசைகள் வரும். அதோடு நின்றிருக்கலாம். இலங்கைக் கைபேசி எண்போல் 07இல் தொடங்கிப் பத்து இலக்கம் இருக்க வேண்டும் என்று பேட்டர்னும், அதாவது எழுத வேண்டிய வடிவத்துக்கு ஒரு விதியும், எழுதிவிட்டேன். இரண்டு நாள் கழித்து டொரன்டோவிலிருந்து மாமி கூப்பிட்டார். "என்னுடைய நம்பரைப் பிழை என்கிறது, நான் என்ன செய்வது?" என்று கேட்டார். பெரியம்மாவிடம் அதிகம் வாங்குகிறவர்களே வெளிநாட்டில் இருப்பவர்கள்தான். அவர்களுக்கே வாசலை அடைத்துவிட்டேன். பேட்டர்னை அன்றிரவே எடுத்துவிட்டேன்.

நிறத்திலும் ஒரு கவனம் வேண்டும். இன்வேலிட் என்ற தேர்வியால் பிழையான கட்டத்தைச் சிவப்பாக்கினால், படிவத்தைத் திறந்த உடனேயே வெறுங்கட்டங்கள் எல்லாம் சிவந்து நிற்கும். இன்னும் ஒன்றும் எழுதாத மனிதரை ஏன் ஏச வேண்டும்? யூசர்-இன்வேலிட் என்று எழுதுங்கள், அவர் எழுதிவிட்டு நகர்ந்த பிறகுதான் சிவக்கும். எதைப் போட்டாலும் தளத்தை வைத்திருக்கும் கணினியான சேர்வரிலும் ஒருமுறை சரிபார்த்தே ஆக வேண்டும், அதிலிருந்து விடுதலை கிடையாது.

எல்லாவற்றையும் இப்படிச் செய்ய முடியாது. இரண்டு கிலோ பனங்கட்டி, ஒரு கிலோ ஒடியல் மா என்று தெரிவு செய்யும்போதே மொத்த விலை மாறிக்கொண்டு வர வேண்டும் என்றால் ஸ்கிரிப்ட் வேண்டும். அதை வைத்திருக்கிறேன். அது வந்து சேராவிட்டால் "கணக்கிடு" என்ற பட்டன் படிவத்தைச் சேர்வருக்கு அனுப்பிக் கூட்டிக்கொண்டு வரும். ஒரு பக்கம் கூடுதலாகத் திறக்கும், ஆனால் ஓடர் நிற்காது.

இந்தத் தொலைபேசியைப் பாருங்கள். பிரவுசர் அமைப்புக்குள் போய் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிட்டேன். தளத்தைத் திறக்கிறேன். பனாட்டு... தொடுகிறேன். விரிந்துவிட்டது, நிறை, விலை எல்லாம் இருக்கிறது. உங்கள் தளத்தையும் இப்படி நிறுத்தி ஒருமுறை திறந்து பாருங்கள், எது அசையவில்லை என்று உடனே தெரிந்துவிடும்.

புழுக்கொடியலின் விலையை மாற்றச் சொல்லிப் பெரியம்மா காலையில் அழைத்திருந்தார். ஒரு வரிதான், அதை மாற்றிவிட்டு நாளை குறிகட்டுவான் போகிறேன். அதே இறங்குதுறையில் நின்று திறந்து பார்த்து உங்களுக்கும் காட்டுகிறேன். வணக்கம்.