முதலைக்குச் சொந்தம் யார்?

(உடுமலைப்பேட்டையில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும், முன்னால் உட்கார்ந்திருக்கும் கண்ணுகளுக்கும் வணக்கமுங்க.

கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவர்கள் கிளுவை வேலியோரம் உடும்பைப் பார்த்திருப்பீர்கள். வாலோடு சேர்த்து 5 அடிக்கு மேலும் வளரும். தோட்டத்துத் தேன்சிட்டோ 10 சென்டிமீட்டர். எடையும் 10 கிராமை ஒட்டித்தான். உடம்பு எடைக்குத் தக்கபடி பார்த்தால், இதில் பெருந்தீனிக்காரர் யாருங்க?

உடும்பு இல்லை. அதற்குச் சொந்தச் சூடு கிடையாது. காலையில் பாறைமேல் வெயில் காய்ந்த பிறகே இரை தேடக் கிளம்பும். பிளந்த நாக்கை நீட்டி நீட்டி வாசம் பிடித்து வண்டு, எலி, முட்டை என அகப்பட்டதை விழுங்கும். ஒன்றும் அகப்படாவிட்டால் பொந்துக்குள் சும்மா கிடக்கும். இந்தோனேசியாவில் அதற்கு ஒரு பெரிய பங்காளி உண்டு, கொமோடோ டிராகன். 3 மீட்டர் வரை நீளம். ஒரே வேளையில் தன் எடையில் 80 சதவீதம் வரை தின்றுவிடும்; அப்புறம் வாரக்கணக்கில் தீனி வேண்டாம்.

தேன்சிட்டுக்கு அந்தச் சொகுசு இல்லை. பகலெல்லாம் உடம்புச் சூடு 40 டிகிரியை ஒட்டியே இருக்க வேண்டும். அணையவிடக் கூடாத அடுப்பு அது. அதனால்தான் முருங்கைப்பூவுக்கும் செம்பருத்திக்கும் அந்தப் பறப்பு. ஒரே எடையில் ஒரு பல்லியையும் பறவையையும் வைத்துப் பார்த்தால், பறவைக்கு 10 மடங்குக்கும் மேல் தீனி வேண்டும்.

சரி, நம் அமராவதி அணைப் பக்கம் முதலைப் பண்ணை இருக்கிறதே, அந்த முதலைக்கு நெருங்கிய சொந்தம் உடும்பா, தேன்சிட்டா? தோலைப் பார்த்தால் உடும்பு என்றுதான் சொல்வோம். ஆனால் தேன்சிட்டுதானுங்க! பல்லி, உடும்பின் வம்சம் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தனியாகப் பிரிந்துபோனது. முதலையும் பறவையும் அதன் பிறகும் ஒரே வம்சமாக இருந்து பிரிந்தவை. இரண்டுக்கும் இதயத்தில் 4 அறைகள். உடும்புக்கு அப்படி முழுதாகப் பிரிந்த அறைகள் இல்லை. முட்டையிட்டதும் உடும்பு மண்ணை மூடிவிட்டுப் போய்விடும். தாய் முதலை காவல் இருக்கும். உள்ளே குஞ்சு கத்தினால் தோண்டியெடுத்து வாயில் கவ்வித் தண்ணீருக்குக் கொண்டுபோகும். தேன்சிட்டுக் குஞ்சுக்கோ தாய், தகப்பன் இரண்டும் பூச்சி ஊட்டும்.

உடும்புக்கறி முதுகுவலிக்கு நல்லதா என்று ஒரு அண்ணன் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். வலிக்கு டாக்டரைப் பாருங்க அண்ணா. 1972 வனவிலங்குச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தால் 3 வருடத்துக்குக் குறையாத ஜெயில்.