செண்டுமல்லிச் சாயமும் ஹெக்சேனும்

அடுத்த கேள்வி பாலக்கோடு பக்கத்து விவசாயி ஒருவர் அனுப்பியது. "ஐயா, கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் செண்டுமல்லி போடுகிறோம். அந்தப் பூவில் ஹெக்சேன் ஊற்றித்தான் சாயம் எடுக்கிறார்களாம். ஹெக்சேன் பெட்ரோல் வகையாமே? கோழித் தீவனத்தில் கலந்தால் முட்டைக்கு வராதா?"

பெட்ரோல் வகைதான். கச்சா எண்ணெயிலிருந்து பிரிப்பது. ஆனால் ஏன் அதையே பிடித்துக்கொண்டார்கள் என்று பாருங்கள். பூவின் மஞ்சளுக்குக் காரணம் லூட்டீன். இதழுக்குள் அது கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்திருப்பதால் தண்ணீரில் கரையாது. அதிகம் சூடு காட்டினால் நிறம் கெடும். ஹெக்சேன் கொழுப்பைச் சட்டென்று கரைக்கும், 69 டிகிரியிலேயே கொதித்துவிடும். காற்றை உறிஞ்சிய கலத்தில் வைத்தால் அந்தச் சூடுகூட வேண்டாம்.

பூவை அமுக்கிப் புளிக்கவைத்து, பிழிந்து, காயவைத்து, சிறு குச்சிகளாக்கி, அதன்மேல் ஹெக்சேனை ஓட விடுவார்கள். மஞ்சள் முழுக்க அதில் இறங்கிவிடும். அப்புறம் லேசாகக் காய்ச்சினால் ஹெக்சேன் ஆவியாகி, குளிர்ந்து, திரும்பத் தொட்டிக்கே போகும். அடியில் நிற்கும் கெட்டிப் பசைதான் ஓலியோரெசின். அதைப் பக்குவப்படுத்தித் தீவனத்தில் கலந்தால் முட்டைக் கரு நல்ல மஞ்சளாக வரும். நாமக்கல் பண்ணைக்காரர்களைக் கேட்டால் கருவின் நிறம் எவ்வளவு முக்கியம் என்று சொல்வார்கள்.

மிச்சம் துளியும் இருக்காது என்று சொல்ல மாட்டேன், இருப்பது மிகச் சொற்பம். தவிட்டு எண்ணெயையும் இதே முறையில்தான் எடுக்கிறார்கள். அதைச் சுத்திகரித்த பிறகு கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் ஹெக்சேன் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. எனவே முட்டையைப் பற்றிப் பயம் வேண்டாம்.

என் கவலை எல்லாம் அங்கே வேலை செய்கிறவர்களைப் பற்றித்தான். ஹெக்சேன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம். மேலே போகாமல் தரையிலும் குழியிலும் தேங்கும். காற்றில் அதன் அளவு ஒரு சதவீதத்தைச் சற்றுத் தாண்டினாலே, தீப்பிடிக்க ஒரு பொறி போதும். குழாயில் ஓடும்போதே நிலைமின்சாரம் சேரும், அதனால் டிரம்முக்கு மாற்றும்போது எர்த் கம்பி கட்டாயம். மாதக்கணக்கில் சுவாசித்தால் நரம்பு கெட்டு, கால்விரல் மரத்துப்போவதில் தொடங்கி நடையே தளரும். ஹெக்சேன் கலந்த பசையால் செருப்பு ஒட்டுகிறவர்களிடம் இது நிறையப் பார்த்த நோய்.

உங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஓசூர் பக்கம் பசை, தின்னர் புழங்கும் வேலைக்குப் போகிறார்கள் இல்லையா? கால் மரத்தால் சர்க்கரை என்று அவர்களாக நினைத்துக்கொள்ள வேண்டாம். என்ன வேலை, எந்தக் கரைப்பான் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள்.