கன்னத்தில சூப்பர் குளூ ஒட்டிப் பூச்சி எண்ணுவாங்களா? ரோசேசியா கிளினிக் கொப்பியை வாசிப்பம்!

(திரையில்: மிகக் கிட்டத்தில் ஒரு கன்னம். அதில் ஒரு கண்ணாடித் தகடு ஒட்டியிருக்கிறது.)

ஒரு துளி சூப்பர் குளூ. கண்ணாடித் தகட்டில விட்டு, ஆளின்ட கன்னத்தில அமத்தி, ஒரு நிமிசம் பொறுத்து, மெதுவா உரிச்சு எடுக்கிறாங்க. அதை மைக்ரோஸ்கோப்புக்குக் கீழ வைச்சுப் பூச்சி எண்ணுறாங்க. ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 5க்கு மேல இருந்தா, கணக்குக் கூட. பகிடி இல்ல, தோல் வைத்தியத்தில உண்மையாவே இருக்கிற பரிசோதனை. வீட்டில செஞ்சு பாக்காதீங்க, தோல் உரிஞ்சு வரும். அந்தப் பூச்சியின்ட கதைக்கு வாறன், வீடியோவை விட்டுட்டுப் போயிடாதீங்க.

வணக்கம் மக்களே. திருகோணமலையில கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில "முகம் நெருப்பா எரியுது" எண்டு சொல்ற ஆக்கள் கூட. எல்லாருக்கும் வெயில் மட்டும் காரணம் இல்ல. சிலருக்கு அது ரோசேசியா. கன்னம், மூக்கு, நாடி, நெத்தி, இந்த நடுமுகத்தில வாற நீண்டகால அழற்சி. தொத்தாது, ஊத்தையால வாறதும் இல்ல, கூடுதலா 30 வயசுக்குப் பிறகு தொடங்கும். வரைவிலக்கணம் அவ்வளவுதான். இனி கொப்பியைத் திறப்பம்.

(திரையில்: கிளினிக் கொப்பியின் ஒரு பக்கம், டொக்டரின் கையெழுத்து.)

முதல் சொல், எரிதீமா. தோல் சிவந்திருக்கு எண்டதை டொக்டர்மார் இப்படித்தான் எழுதுவாங்க. பக்கத்தில "ட்ரான்சியன்ட்" எண்டு இருந்தா வந்து வந்து போற சிவப்பு, "பேர்சிஸ்டன்ட்" எண்டு இருந்தா போகாத சிவப்பு. சூடேறிக் குப்பெண்டு சிவக்கிறது பிளஷிங்.

சிக்கல் என்னெண்டா, பாடப்புத்தகப் படம் எல்லாம் வெள்ளைக்காரர் முகம். எங்கட நிறத்தில சிவப்பு சிவப்பாத் தெரியாது. மண்ணிறமா, ஊதா கலந்த மாதிரி, இல்லாட்டி வெறுமனே "கறுத்திட்டுது" எண்டு தெரியும். அதால கனபேருக்கு மங்கு எண்டு சொல்லி மங்குக் கிறீம் குடுபடுது, எரிச்சல் இன்னும் கூடுது.

(திரையில்: கண்ணாடிக் கிளாஸின் அடிப்பக்கம் கன்னத்தில் அமத்தப்படுகிறது.)

இதை வீட்டில பாக்கலாம். கழுவின, வெளிச்சம் தெரியுற கண்ணாடிக் கிளாஸ் ஒண்டை எடுங்க. ஜன்னல் பக்கம் நிண்டு, அடிப்பக்கத்தைக் கன்னத்தில அமத்தி, கண்ணாடிக்குள்ளால வேற ஒராளைப் பாக்கச் சொல்லுங்க. அமத்தேக்க நிறம் வெளிறி, எடுத்த உடன திரும்பி வந்தா, அது ரத்தக்குழாய்க்குள்ள ஓடுற ரத்தத்தின்ட நிறம். அமத்தியும் மாறாட்டி அது மங்கு மாதிரித் தோலின்ட சொந்தக் கறுப்பா இருக்கலாம். டொக்டர் சின்னக் கண்ணாடித் தகட்டால இதையே செய்வார், பேர் டயஸ்கொப்பி. இதை வைச்சு நீங்களே நோயை முடிவு பண்ண ஏலாது. ஆனா கிளினிக்கில "சேர், அமத்தினா வெளிறுது" எண்டு சொன்னா அது உதவுற தகவல். எரிச்சல், குத்தல், சூடு, இந்த மூண்டையும் சொல்லுங்க. எங்கட நிறத்தில கண்ணை விட இதுதான் நம்பிக்கையான அடையாளம்.

அடுத்தது, வாய்க்குள்ள நுழையாத சொல்: டெலாஞ்சியெக்டேசியா. மூக்கோரத்திலயும் கன்னத்திலயும் நூல் நூலாத் தெரியுற விரிஞ்ச ரத்தக்குழாய். பழைய பாவாடையின்ட இலாஸ்டிக் ஒருக்கா நீண்டா பிறகு சுருங்காது தெரியுமே, அதே கதைதான். இதை ஏன் இழுத்துச் சொல்றன் எண்டா, பருவுக்குக் குடுக்கிற கிறீமை எவ்வளவு பூசினாலும் இந்த நூல் போகாது. லேசர் வேணும். 595 நனோமீற்றர் பல்ஸ்ட் டை லேசர் பேர்போனது, ஆனா கறுத்த தோலில தழும்பும் நிறமாற்றமும் வராமல் இருக்க 1064 நனோமீற்றர் என்டி யாக் பாதுகாப்புக் கூட. காசு கட்ட முதல் "எங்கட நிறத்துக்கு எந்த மெசின், எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கிறீங்க" எண்டு கேளுங்க. வெக்கப்படாதீங்க, உங்கட முகம்.

பப்பியூல் எண்டா சீழ் இல்லாத சின்னப் பொக்களம், பஸ்டியூல் எண்டா சீழ் வைச்சது. அப்ப சாதாரண முகப்பருவுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? கறுப்புமுள்ளும் வெள்ளைமுள்ளும், அதாவது கொமெடோன். அது இருந்தா முகப்பரு, ரோசேசியாவில அது வராது. ரெண்டு நோயும் ஒரே முகத்தில இருக்கிற ஆக்களும் இருக்காங்க, அவங்களுக்குத்தான் பெரிய தலையிடி.

கொப்பியில "ஈ.டி.ஆர்" எண்டு இருந்தா சிவப்பும் குழாயும் கூடின வகை. "பி.பி.ஆர்" எண்டா பொக்களம் கூடின வகை. 2002இல செஞ்ச பிரிவு இது. 2017இல அதை மாத்தி, வகை பாக்காம, ஆளுக்கு என்னென்ன அடையாளம் இருக்கோ அதுக்கு மருந்து குடுங்க எண்டு சொல்லிட்டாங்க. ரைனோஃபைமா எண்டா மூக்குத் தோல் தடிச்சு முண்டு முண்டாகிறது, கூடுதலா ஆம்பிளையளுக்கு. "குடிகார மூக்கு" எண்டு சொல்றது அநியாயம், வாழ்க்கையில ஒரு துளி குடிக்காத ஆக்களுக்கும் வரும்.

(திரையில்: மைக்ரோஸ்கோப்பில் நெளியும் ஒரு நீளமான உயிரி. இசை கொஞ்சம் பயங்கரமாக.)

சரி, எங்கட கதாநாயகன்! டெமோடெக்ஸ் ஃபொலிகுலோரம். நீளம் கிட்டத்தட்ட 0.3 இல இருந்து 0.4 மில்லிமீற்றர். எட்டுக் குட்டைக் கால், எல்லாம் தலைப்பக்கம். உண்ணிக்கும் சிலந்திக்கும் சொந்தக்காரன். உங்கட மயிர்க்குழிக்குள்ள தலைகீழாக் கிடந்து, எண்ணெய்ப் பசையைச் சாப்பிட்டு, ராவில மேல வந்து சோடி தேடும். முகத்தைத் தொட்டுப் பாத்தீங்களோ? தொடாதீங்க, தேய்ச்சுக் கழுவினாலும் போகாது. வயசு வந்த கிட்டத்தட்ட எல்லாருக்கும் இது இருக்கு, உங்களுக்கும் எனக்கும். இதுக்கு மலவாசலே இல்ல, எல்லாத்தையும் வயித்துக்குள்ள அடக்கி வைச்சுச் சாகும்போது வெடிக்கும் எண்டு கன காலம் சொல்லிக்கொண்டு இருந்தாங்க. 2022இல வந்த ஆய்வு அது இருக்கு எண்டு காட்டிட்டுது. பாவம், அவ்வளவு நாளும் கெட்ட பேர்.

ரோசேசியா உள்ள ஆக்களின்ட தோலில இது கூடுதலா இருக்கு. இதுதான் காரணமா, இல்லாட்டி அழற்சி வந்த தோலில இது பெருகுதா எண்ட வாதம் இன்னும் நடக்குது. ஆனா இதைக் குறைக்கிற மருந்து பொக்களத்தையும் குறைக்குது: ஐவர்மெக்டின் 1% கிறீம். இந்த மருந்து யப்பானில ஒரு கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்து மண்ணில கிடைச்ச பக்டீரியாவில இருந்து வந்தது. கண்டுபிடிச்ச சதோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கேம்பெல்லுக்கும் 2015இல நோபல் பரிசு. பூசுறது நாளுக்கு ஒருக்கா. நெத்தி, நாடி, மூக்கு, ரெண்டு கன்னம், ஐஞ்சு இடத்துக்கும் பட்டாணி அளவு. மாட்டுக்குப் போடுற ஐவர்மெக்டினை முகத்தில பூசுற யோசனை வந்தா, தயவுசெய்து அந்த யோசனையை விட்டிடுங்க.

மற்ற மருந்துகளைக் கெதியாப் பாப்பம். மெட்ரொனிடசோல் 0.75% ஜெல், காலையும் ராவும் மெல்லிசாப் பூசுறது. அசெலாயிக் அசிட் 15%, முதல் கிழமைகளில குத்தும். பொக்களம் விட்டுப்போன கறுப்பு அடையாளத்தையும் மங்க வைக்கிறதால எங்கட தோலுக்கு எனக்குப் பிடிச்ச மருந்து. எதுக்கும் 8 இல இருந்து 12 கிழமை குடுங்க. ரெண்டாம் கிழமையே "சரிவரேல்ல" எண்டு டியூப்பை எறியுறதுதான் இங்க அதிகம் நடக்கிற பிழை. பிரிமோனிடின் வேற ரகம், ரத்தக்குழாயைச் சுருக்கும். அரை மணித்தியாலத்தில சிவப்புக் குறையும், சிலருக்கு இறங்கேக்க முந்தினதை விடக் கூடச் சிவக்கும். கலியாணத்துக்கு எண்டு முதல்முதலா அண்டைக்குக் காலையில பூசாதீங்க.

குளிசையில டொக்சிசைக்கிளின். வயலுக்கு இறங்குற ஆக்களுக்கு எலிக்காய்ச்சல் வராம கிழமைக்கு ஒருக்கா குடுக்கிற அதே மருந்து. அங்க கிருமிக்கு, இங்க அழற்சிக்கு. 40 மில்லிகிராம் மெதுவா விடுற வகை கிருமியைக் கொல்லாத அளவு, அழற்சியை மட்டும் அடக்கும். ஒரு கிளாஸ் நிறையத் தண்ணியோட குடிச்சு, அரை மணித்தியாலம் படுக்காதீங்க. படுத்தா தொண்டைக்குக் கீழ ஒட்டிப் புண்ணாக்கும். இரும்புக் குளிசை, வயித்தெரிவு மருந்து ரெண்டையும் இதோட சேத்துக் குடிச்சா மருந்து உடம்பில சேராது, குறைஞ்சது 2 மணித்தியாலம் இடைவெளி விடுங்க. கர்ப்பமா இருந்தாலோ, 8 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளை எண்டாலோ வேண்டாம். வெயிலில தோல் கெதியா எரியும், நிலாவெளிக் கடற்கரையில மத்தியானம் திரியுற ஆக்கள் கவனம்.

மருந்துத் துண்டில "எல்.ஏ" எண்டா பூசுறதுக்கு, "பி.டி" எண்டா நாளுக்கு ரெண்டு தரம், "நொக்டே" எண்டா ராவைக்கு.

முகச் சிவப்பைத் தூண்டுற விசயங்களில ஒண்டே ஒண்டு சொல்றன். தேத்தண்ணியை நிப்பாட்டச் சொல்லுவாங்க. 1981இல ஒரு ஆய்வில பாத்தா, சுடுகோப்பி குடிச்ச ஆளும் வெறும் சுடுதண்ணி குடிச்ச ஆளும் ஒரே மாதிரிச் சிவந்தாங்க, ஆறின கோப்பி ஒண்டும் செய்யேல்ல. குற்றவாளி சூடு. ஆகவே பிளேன்டீயை ஆறவிட்டுக் குடிங்க. கன்னியா வெந்நீரூத்தில முகத்துக்கு ஊத்துறதை மட்டும் தவிருங்க, காலை நனைச்சா போதும்.

கண்ணில மணல் விழுந்த மாதிரி உறுத்தல், இமையோரம் சிவப்பு, அடிக்கடி கண்கட்டி, இது "ஒக்கியுலர்", அதாவது கண்ணில வாற ரோசேசியா. தோல் மருந்து காணாது, கண் கிளினிக்கும் வேணும். கண் நோவோட வெளிச்சம் பாக்கேலாம, பார்வை மங்கினா அண்டைக்கே போங்க.

(திரையில்: பெயர் மறைக்கப்பட்ட ஒரு சின்ன டியூப்.)

கடைசியா எனக்குக் கோபம் வாற இடம். துண்டு இல்லாம வாங்கி, "முகம் பளிச்செண்டு வருது" எண்டு மாசக்கணக்கில பூசுற ஸ்டெரொயிட் கிறீம். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசோல். முதல் சில நாள் சிவப்பு மறையும். பிறகு தோல் மெலிஞ்சு, குழாய் விரிஞ்சு, ரோசேசியா மாதிரியே பொக்களம் வரும். பேரின்ட வாலைப் பாத்து முடிவு செய்யாதீங்க: மெட்ரொனிடசோலும் "சோல்", குளோபெட்டசோலும் "சோல்". முதலாவது மருந்து, மற்றது இந்த வருத்தத்தையே உண்டாக்கிறது. பூஞ்சணக் கிறீம் எண்டு வாங்குற கலவையிலயும் பீட்டாமெத்தசோன் ஒளிஞ்சிருக்கும், டியூப்பில இருக்கிற சின்ன எழுத்து முழுக்க வாசியுங்க.

நிப்பாட்டினா சில நாளில முகம் முந்தினதை விட மோசமா வெடிக்கும். அந்த நேரம் பயந்து திரும்பப் பூசுறதாலதான் வருசக்கணக்கில மீள ஏலாம இருக்கிறாங்க. அதால தனிய நிப்பாட்டாம டியூப்பையே கையில கொண்டு தோல் கிளினிக்குக்குப் போங்க. படிப்படியாக் குறைக்கிறதா, டொக்சிசைக்கிளின் சேக்கிறதா எண்டு அங்க முடிவெடுப்பாங்க. வீட்டில முகத்துக்குப் பூசுற டியூப் ஏதும் இருந்தா இப்பவே எடுத்து, அதில இருக்கிற மருந்துப் பேரை மட்டும் கொமண்ட்ல எழுதுங்க. கிறீமின்ட பிராண்ட் பேர் வேண்டாம், சின்ன எழுத்தில இருக்கிறது.