வெளியூர்ப் பிள்ளையும் ஊர் மைக்கும்

நண்பர்களே, கிராமத்தில் டிஜிட்டல் முயற்சி என்றாலே எத்தனை கம்ப்யூட்டர், என்ன ஸ்பீடு என்று கேட்கிறோம். யாருக்கு யாரைத் தெரியும் என்று யாரும் கேட்பதில்லை. நான் பேச வந்தது அதைப் பற்றி.

1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பக்கம் கிராம அறிவு மையங்களை, அதாவது ஊர் மக்களுக்குக் கம்ப்யூட்டர் வழியாகத் தகவல் தரும் இடங்களை, தொடங்கியது. வில்லியனூர் நடுமையம், அங்கிருந்து மற்ற ஊர்களுக்கு ரேடியோ இணைப்பு, கரண்ட் போனால் சோலார். இடம் கொடுக்க வேண்டியது ஊர்ப் பொறுப்பு. எம்பலத்தில் கோயிலிலேயே இடம் ஒதுக்கினார்கள். மையங்களைக் கவனித்துக்கொண்டவர்களில் ஊர்ப் பெண்கள் நிறையப் பேர். அப்போது அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வந்த அலை உயரக் கணிப்பை வில்லியனூரில் எடுத்து அனுப்புவார்கள். வீராம்பட்டினத்தில் அது ஒலிபெருக்கியில் தமிழில் கேட்கும். கடலுக்குப் போகிறவருக்கு இன்டர்நெட் என்பதே அந்தக் குழாய் ஸ்பீக்கர்தான்!

2004 டிசம்பர் 26. இதே போல மையம் இருந்த இன்னொரு கடலோர ஊர் நல்லவாடு. அந்த ஊர் மீனவர் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். சுனாமிச் செய்தி தெரிந்ததும் வீட்டுக்குப் போன் போட்டார். கடல் தண்ணீர் ஏறுகிறது என்றார்கள். ‘ஓடுங்கள், ஊருக்கும் சொல்லுங்கள்’ என்றார். மையம் பூட்டிக் கிடந்தது. சாவிக்காரரைத் தேடிக்கொண்டிருக்கவில்லை, கதவை உடைத்து மைக்கைப் பிடித்தார்கள். ஏறத்தாழ 3,600 பேர் உயிர் தப்பினார்கள்.

புதுச் செய்தி நெருங்கியவர்களைவிடத் தூரத்துப் பழக்கக்காரர்கள் வழியாகத்தான் அதிகம் வரும் என்று 1973இல் எழுதினார் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர். நகரத்தில் வேலை தேடுகிறவருக்கு அது பொருந்தும். நம் கிராமங்களில் தூரத்தில் இருப்பவரே நெருங்கியவராகவும் இருக்கிறார், அதாவது பிழைக்க வெளியே போன பிள்ளை. நேபாளத்திலும் இதே கதை. நாங்கி என்ற மலைக் கிராமத்து மகாபீர் புன் அமெரிக்காவில் படித்துவிட்டு ஊர் திரும்பியவர். வெளிநாட்டுத் தன்னார்வலர்களின் துணையோடு, மரத்தின் மேல்கூட ஆன்டெனா கட்டி மலை ஊர்களைக் கம்பியில்லா இன்டர்நெட்டில் இணைத்தார். 2007இல் மகசேசே விருது பெற்றார்.

வெளியே போனவர் மட்டும் போதுமா என்றால், போதாது. நல்லவாட்டில் மைக் எங்கே இருக்கிறது, அதை எப்படிப் போடுவது என்று உள்ளூர் ஆட்கள் தெரிந்து வைத்திருந்தார்கள். அந்த ஆட்களை உருவாக்கியது அன்றாடப் புழக்கம். நம் திட்டங்களில் இதற்குக் கணக்குத் தலைப்பே கிடையாது. பெட்டியை இறக்குவோம், ரிப்பன் வெட்டுவோம், மையத்துப் பெண்ணைத் தனியாக விட்டுவிட்டு வந்துவிடுவோம். பிரிண்டர் மக்கர் செய்தால் அவர் யாருக்குப் போன் செய்வார்? பக்கத்து ஊரில் இதே வேலை பார்ப்பவரை அவர் சந்தித்ததே இல்லை.

பஞ்சாயத்துத் தலைவர்கள் இங்கே வந்திருக்கிறீர்கள். அடுத்த கம்ப்யூட்டரை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். அந்தப் பணத்தில் பத்து ஊர் மையத்துப் பெண்களுக்கும் மாதம் ஒருமுறை பஸ் கட்டணமும் மதியச் சாப்பாடும் கொடுத்து ஒரே இடத்தில் உட்கார வையுங்கள். வெளியூரில் இருக்கும் உங்கள் பிள்ளைகளின் போன் நம்பர்களை மையத்துச் சுவரில் எழுதி வையுங்கள்.