நேமுனாஸ் கரையில ஒரு மர சினகாக்

எல்லாருக்கும் வணக்கம். லிதுவேனியால யுர்பர்காஸ்னு ஒரு சின்ன ஊரு, அங்க இருந்த யூதர்கள் வாயில அது யுர்புர்க், ஜெர்மன்காரங்களுக்கு ஜார்ஜன்புர்க், ஒரே ஊருக்கு இத்தனை பேருன்னா அந்த வழியா எத்தனை ஜனங்க போயிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. 1259-ல டியூட்டானிக் வீரர்கள்னு ஒரு ஜெர்மன் கிறிஸ்தவப் போர்வீரர் சபை கோட்டை கட்டுனாங்க, 1611-ல நகர உரிமை கெடைச்சுது, ராஜாக்கள் கதை அம்புட்டுதான், எனக்கு முக்கியம் ஆறுதான்.

நேமுனாஸ் ஆறு. மேல காட்டுல வெட்டுன மரத்தையெல்லாம் தெப்பமா கட்டி தண்ணியில விட்டா கீழ ஜெர்மன்காரங்க நாடான பிரஷ்யா வரைக்கும் தானா போயிடும், எல்லைக்குக் கொஞ்சம் முன்னாடி இந்த ஊரு, அதனால மர யாவாரம் இங்க நல்லா நடந்துச்சு, பின்னால கௌனாஸ் நகரத்துக்கு நீராவிப் படகும் ஓடுச்சு. யாவாரத்துல பாதிக்கு மேல யூதக் குடும்பங்கதான்.

அவங்க 1790-ல ஒரு சினகாக், அதாவது யூதர்கள் கூடி வேண்டிக்கிற கோயில், கட்டுனாங்க, முழுக்க மரம். உள்ள தோராங்கிற அவங்க வேதச் சுருளை வைக்கிற பேழை இருக்கே, அதுல இலையும் கொடியும் பறவையுமா அப்படி ஒரு இழைப்பு! பக்கத்துல எலியா தீர்க்கதரிசிக்குன்னு ஒரு நாற்காலி, பொறந்த ஆம்பளப் புள்ளைக்கு விருத்தசேதனம் செய்யறப்ப அதுக்குன்னே இருக்கிற நாற்காலிங்க அது, அதையும் அதே கை வேலையோட செஞ்சு வச்சிருந்தாங்க.

1941 ஜூன் 22, ஜெர்மன் படை வந்த முதல் நாளே ஊரு அவங்க கைக்குப் போயிடுச்சு. கொஞ்ச நாள்லயே அந்த சினகாக்க இடிக்கச் சொன்னாங்க, யாரை வச்சு தெரியுமா, அங்க நின்னு வேண்டிக்கிட்ட அதே யூதர்கள வச்சே. நான் இத முதல்ல படிச்சப்ப புத்தகத்த மூடி வச்சுட்டேன், மேல படிக்க முடியல. ஜூலை 3-ந் தேதி ஒரே நாள்ல 322 பேர சுட்டாங்க. அவங்களோட ஒரு லிதுவேனியச் சிற்பியும் செத்தாரு, வின்சாஸ் கிரிபாஸ், இடதுசாரிங்கறதுக்காக. ரசேனியாய் ஊர்ல நிக்கிற ‘ஜெமைத்திஸ்’ சிலை அவரு செஞ்சதுதான். மிச்சமிருந்த யூதர்களயும் அடுத்த ரெண்டு மூணு மாசத்துல, பொம்பளைங்க குழந்தைங்கன்னு பாக்காம, கொன்னு போட்டாங்க.

2019-ல அந்த சினகாக் நினைவா ஒரு சதுக்கம் திறந்தாங்க. அந்தப் பேழையும் நாற்காலியும் இன்னைக்கு நம்ம கண்ணுக்குக் கெடைக்கிறது போருக்கு முன்னாடி யாரோ எடுத்த சில கருப்பு வெள்ளை போட்டோவுல மட்டும்தான்.