ஒரு கிலோ கேட்டவருக்கு அஞ்சு கிலோ மாவு போன கதை

வணக்கம் மக்களே. தண்டையார்பேட்டைல எங்க வீட்டு மொட்டை மாடில இருந்து பேசுறேன். காத்து சத்தம் வரும், பொறுத்துக்கோங்க. நாலு மணிக்கு கீழ அத்தை கிரைண்டர் போட்டுடுவாங்க, அதுக்குள்ள முடிச்சாகணும்.

போன மாசம் பக்கத்துத் தெரு அண்ணன் ஒருத்தருக்கு அஞ்சு கிலோ இட்லி மாவு போயிடுச்சு. அவர் கேட்டது ஒரு கிலோ. அத்தை கொண்டுபோய் குடுத்தா, "இன்னாமா, தெருவுக்கே நான் தோசை சுடணுமா?"ன்னு சிரிச்சிருக்கார். அத்தை சிரிக்கல. ஏன்னா அத்தையோட மாவுக்கு ஆர்டர் எடுக்கற வெப் பக்கத்தை செஞ்சது நான்.

அண்ணனுக்கு கண் தெரியாது. ஃபோன்ல டாக்பேக்ங்கற ஸ்க்ரீன் ரீடர் போட்டு வச்சிருக்கார். விரல் படுற இடத்துல என்ன இருக்குன்னு அது வாய்விட்டு சொல்லும், ரெண்டு தட்டு தட்டினா அமுத்தின கணக்கு. அவர் வச்சிருக்கற வேகத்துக்கு எனக்கு ஒரு வார்த்தை புரியல. எனக்காக குறைச்சு வச்சார்.

"காட்டுங்கண்ணா"ன்னேன். மாவு படத்துக்குக் கீழ விரல் வந்துச்சு. "ப்ளஸ் ஐகான்"னுச்சு ஃபோன். ரெண்டு தட்டு தட்டினார். சத்தமே இல்ல. திரும்ப தட்டினார். ஸ்க்ரீன்ல ஒண்ணு ரெண்டாச்சு, மூணாச்சு, எனக்குத் தெரியுது. அவருக்கு? "அமுந்துச்சா இல்லியான்னு எனக்கு எப்படிமா தெரியும்? அன்னிக்கும் இப்படித்தான் தட்டினேன். அதுவும் ப்ளஸ் ஐகான்னா இன்னா, ஆஸ்பத்திரியா?"

இதுல பெரிய கூத்து என்னன்னா, நான் அக்சஸிபிலிட்டில, அதாவது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தற மாதிரி வெப்சைட் செய்யறதுல, சர்டிஃபிகேட் வாங்கினவ. ரெண்டாயிரம் ரூபா கட்டி ஆன்லைன்ல படிச்சேன். எங்கன்னு பேர் சொல்லப் போறதில்ல. ஒவ்வொரு படத்துக்கும் ஆல்ட் எழுதுங்க, அதாவது படத்துக்குப் பதிலா வாசிக்கற வார்த்தை; பக்கத்தை சோதிச்சு மார்க் போடற லைட்ஹவுஸ்ங்கற கருவில ஓட்டுங்க, நூறு வந்தா முடிஞ்சதுன்னாங்க. எனக்கு நூறு வந்துச்சு. பச்சை வட்டத்தை ஸ்டேட்டஸ்ல கூட வச்சேன். ப்ளஸ் படத்துக்கு ஆல்ட் இருக்கா? இருக்கு. மெஷினுக்கு அது போதும். அந்த வார்த்தைக்கு மனுஷனுக்கு அர்த்தம் புரியுதான்னு மெஷின் எங்க பார்க்கப் போகுது?

ஒரு மணி நேரம் அமெரிக்கா சட்டம் நடத்தினாங்க. நம்ம ஊர்ல 2016லயே மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்துடுச்சு. 2025 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவை எல்லாருக்கும் எட்டணும், அது அரசியல் சட்டத்தோட 21வது பிரிவு சொல்ற வாழ்வுரிமையோட சேர்ந்ததுன்னு தீர்ப்பே சொல்லிடுச்சு. அந்தக் கோர்ஸ்ல நம்ம சட்டத்தைப் பத்தி மூச்சு இல்ல.

அது கூட பரவால்ல. அந்தக் கோர்ஸ் வீடியோ ஒண்ணுத்துலயும் சப்டைட்டில் கிடையாது! காது கேக்காதவங்களுக்கும் வெப்சைட் எட்டணும்னு பாடம் எடுக்கற வீடியோ அது. எனக்கு காது கேக்குது, அதனால படிச்சு முடிக்கற வரைக்கும் அது என் கண்ணுலயே படல. அங்கதான் எனக்கு உறைச்சுது.

இப்ப அக்சஸிபிலிட்டி பாடம் சொல்ற ஒரு பக்கத்தை நம்பறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தையே சோதிக்கறேன். மவுஸை தள்ளி வச்சுட்டு டேப் கீயைத் தட்டிக்கிட்டே போவேன். இப்ப எங்க நிக்கறேன்னு கட்டம் தெரியணும். மெனுவுக்குள்ள போனா வெளிய வரத் தெரியணும். அடுத்தவனுக்கு பாடம் சொல்ற பக்கமே இதுல விழுந்துச்சுன்னா மூடிட்டு போயிட்டே இருப்பேன்.

அப்புறம் பட்டனை எப்படி செய்யச் சொல்றாங்கன்னு பார்ப்பேன். டிவ்னு ஒரு வெறும் பெட்டி போட்டு, இது பட்டன்னு ஸ்க்ரீன் ரீடருக்குச் சொல்ல ஏரியாங்கற (ARIA) குறிப்புல ரோல் போட்டு, டேப் கீ வந்து நிக்க டேப்இண்டெக்ஸ் போட்டு, என்டர் கீக்குத் தனியா ஸ்கிரிப்ட் எழுதச் சொன்னா சந்தேகப்படுங்க. ஹெச்டிஎம்எல்ல பட்டன்னே ஒரு டேக் இருக்கு. அதைப் போட்டா டேப் வந்து நிக்கும், என்டரும் ஸ்பேஸும் வேலை செய்யும், ஸ்க்ரீன் ரீடர் "பட்டன்"னு சொல்லும். ஹெச்டிஎம்எல்ல இருக்கறதை வச்சே முடியும்னா ஏரியாவைத் தொடாதேங்கறதுதான் ஏரியாவோட முதல் விதியே. நான் மட்டும் என்ன, டிவ்வுக்குள்ள படத்தை வச்சு பட்டன்னு பேர் வச்சவதான்.

தேதியும் பார்ப்பேன். அக்சஸிபிலிட்டிக்கு உலகம் முழுக்க பார்க்கற விதித் தொகுப்பு டபிள்யூசிஏஜி. அதோட 2.2 வந்தது 2023 அக்டோபர்ல. அதுல 4.1.1 பார்சிங்ங்கற விதியை, அதாவது கோட் பிழையில்லாம எழுதியிருக்கணும்கறதை, எடுத்துட்டாங்க. 2.2 பாடம்னு பேர் போட்டுட்டு அதை இன்னும் கட்டாயம்னு நடத்தினா, பழைய நோட்ஸுக்கு புது அட்டை போட்டிருக்காங்கன்னு அர்த்தம். அதுக்காக பழசெல்லாம் குப்பைன்னு இல்ல. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் நடுவுல 4.5க்கு 1 கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வித்தியாசம், வேணும்கறது 2008ல வந்த 2.0லயே இருக்கு, இன்னிக்கும் அதேதான்.

இந்த விதிகளை எழுதற அமைப்பு டபிள்யூ3சி. அதோட அக்சஸிபிலிட்டி பிரிவான டபிள்யூஏஐ பக்கத்துல எல்லாம் இலவசம். அவங்க ஏரியா மாதிரிகள் போட்டிருக்கற கையேட்டுல, எது மொபைல்ல, டச்ல ஓடும்னு இதுல குறிக்கலன்னு அவங்களே எழுதி வச்சிருக்காங்க. அதைப் படிச்சதும்தான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு. "ஒரு வரி கோட் ஒட்டுங்க, சைட் முழுக்க சரியாயிடும்"னு விக்கறவங்ககிட்ட இப்படி ஒரு வரி பார்க்க முடியாது.

நான் பார்த்த பாடம் எதுவும் தொடாத விஷயம் ஒண்ணு, நம்ம தமிழ். டெம்ப்ளேட்டை அப்படியே எடுத்தா மேல மொழி இங்கிலீஷ்னு இருக்கும். உள்ள தமிழ் எழுதியிருப்போம். எந்தக் குரல்ல படிக்கணும்னு ஸ்க்ரீன் ரீடருக்கு நாமதான் சொல்லணும், ஹெச்டிஎம்எல் டேக்ல லேங் டிஏன்னு. அண்ணன் கம்ப்யூட்டர்ல என்விடிஏங்கற ஸ்க்ரீன் ரீடர் வச்சிருக்கார், அதுவும் இலவசம்தான். அதுல பாமினி ஃபான்ட்ல, அதாவது இங்கிலீஷ் எழுத்துக்கு தமிழ் உருவம் போட்ட பழைய ஃபான்ட்ல, செஞ்ச பக்கம் ஒண்ணைத் திறந்து காட்டினார். நமக்கு கண்ணுக்கு "தமிழ்"னு தெரியுது. உள்ள இருக்கறது ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன். என்விடிஏ அதைத்தான் படிக்குது. பக்கம் முழுக்க.

இப்ப மாவு பக்கத்துல "ஒரு கிலோ கூட்டு"ன்னு நிஜ பட்டன் இருக்கு. அமுத்தினா "ரெண்டு கிலோ"ன்னு சொல்லும். அதுக்கு ஏரியா லைவ், பக்கத்துல மாறினதை ஸ்க்ரீன் ரீடரை சொல்ல வைக்கறது. முதல்ல அசர்ட்டிவ்னு, அதாவது உடனே குறுக்கிட்டு சொல்லுன்னு, போட்டுட்டேன், அவர் வேற எதையோ கேட்டுக்கிட்டிருக்கும்போது குறுக்க குறுக்க வந்துச்சு. "உன் கடை ரொம்ப கத்துதும்மா"ன்னார். போலைட்னு, அதாவது பேசறது முடிஞ்சதும் சொல்லுன்னு, மாத்தினேன். ஒரு மதியம் முழுக்க எனக்காக தட்டிப் பார்த்தார். அதுக்கு காசு குடுத்தேன். வேணாம்னார், விடல. லைட்ஹவுஸ் சொல்லாததை சொல்ற வேலை அது, வேலைன்னா கூலி உண்டு.

ஆறு மாசம் முன்னாடி இதே சேனல்ல "நூறு மார்க் வாங்குவது எப்படி"ன்னு ஒரு வீடியோ போட்டேன்ல? அதை அழிக்கல. எங்கெங்க தப்புன்னு டிஸ்கிரிப்ஷன்ல மேலயே எழுதியிருக்கேன். இந்த வீடியோவுக்கு சப்டைட்டில் நானே தட்டினது. எழுத்துப் பிழை இருந்தா சொல்லுங்க.

டெலிவரி தேதி எடுக்கற காலண்டர் இன்னும் சரியா வரல. அது வரைக்கும் அண்ணன் அத்தைக்கு ஃபோன் பண்ணித்தான் சொல்றார். நேத்து ரெண்டு கிலோ. அய்யோ, கிரைண்டர் போட்டுட்டாங்க, கேக்குதா? நான் கீழ போறேன்.